வேறொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்

"டீச்சரம்மா, எந்த எடிட்டர் நல்ல எடிட்டர்?"

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவருக்கு அவளைவிட இருபது இருபத்தைந்து வயது கூடுதல் இருக்கும். மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். சாரலில் நனைந்த தலையைக்கூடத் துவட்டவில்லை.

"முதல்ல உக்காருங்க. பேரு?"

"கோமதிநாயகம். சங்கரன்கோயில்ல மோட்டாருக்குக் காயில் கட்டுத கடை வச்சிருக்கேன்."

"மவுஸ் கொண்டுவந்திருக்கீங்களா, அண்ணாச்சி?"

"இருக்கு."

"வாசல்ல கூடை இருக்கும். அதுல போட்டுட்டு வாங்க."

அந்த இடத்தின் வழக்கம் அது.

தென்காசிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் பழைய நெல் கிடங்கு ஒன்று. உள்ளே வரிசையாகக் கணினிகள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, அமுக்க ஒரு பொத்தான் கிடையாது. எதுவானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும். சரியாக எழுதினால் மெஷின் கேட்கும். தப்பாக எழுதினால் மாமியார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஊர்க்காரர்கள் கேலியாகக் 'கறுப்புத்திரை மடம்' என்றார்கள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றுவார்கள், மவுஸைக் கூடையில் போடுவார்கள். யார் திரும்பும்போது மவுஸை மறந்துவிட்டுப் போகிறாரோ, அவருக்குப் படிப்பு முடிந்தது என்று கணக்கு. வேறு சர்டிபிகேட் எல்லாம் அங்கே இல்லை.

கோமதிநாயகம் போட்டுவிட்டு வந்தார். உட்காருவதற்குள் மறுபடியும் கேட்டார்.

"எந்த எடிட்டர்?"

எடிட்டர் என்றால் அந்தத் திரையில் எழுதவும் திருத்தவும் உதவுகிற நிரல். உலகம்மை ஒன்றைத் திறந்து காட்டினாள்.

"இது நானோ. கீழ ரெண்டு வரி தெரியுதா? எப்படிச் சேமிக்க, எப்படி வெளிய வர, எல்லாம் எழுதியே இருக்கு. புதுசா வாரவங்களுக்கு இதைவிட லேசானது கிடையாது."

கல்யாண வீட்டில் சின்னப்பிள்ளைகள் பந்தியில் உட்காரவைத்தது போல அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"இது வேண்டாம். விம் சொல்லிக்குடுங்க."

"அது கஷ்டம், அண்ணாச்சி."

"தெரியும். பேரைக் கேட்டப்போ பாத்திரம் தேய்க்குத சோப்புன்னுதான் நெனச்சேன். பிறகுல்லா தெரிஞ்சுது, அது ஆளைத் தேய்க்கும்னு."

"தெரிஞ்சும் ஏன் அதுவே வேணும்?"

"என் தம்பி அதுலதான் எழுதுதான்."

உலகம்மை அவருடைய மடிக்கணினியில் விம்மைத் திறந்து அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்க. உங்களுக்குப் பிடிச்சதை."

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கத்தான் அவருக்குத் தெரியும். 'தென்காசி' என்று அடித்தார்.

திரையில் 'சி' மட்டும் விழுந்தது.

மெஷின் தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே அவருக்குப் பட்டது.

"மிச்சம் எங்க போச்சு?"

"அது தின்னுட்டு. எழுதப்போறேன்னு முதல்ல அதுகிட்ட சொல்லணும். சொல்லாம அடிச்சா, நீங்க ஏதோ கட்டளை போடுதீங்கன்னு எடுத்துக்கிடும்."

"சரி."

"இப்போ வெளிய வாங்க."

அவர் 'எக்ஸிட்' என்று அடித்தார். திரையில் எக்ஸிட் என்று அழகாக விழுந்தது. 'க்விட்' என்று அடித்தார். அதுவும் விழுந்தது. 'போதும்' என்று அடித்துப் பார்த்தார். மெஷின் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு, அடுத்து என்ன என்பது போலக் கண்ணைச் சிமிட்டியது.

உலகம்மை உதவவில்லை. கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வேர்த்தது. திரையின் தலையைப் பிடித்து 'டப்'பென்று மூடினார்.

"வந்துட்டேன்."

"எப்பவும் இப்படித்தான் வெளிய வருவீங்களா?"

"வேற எப்படி வர? மூடினா முடிஞ்சுது."

"நீங்க வந்துட்டீங்க, அண்ணாச்சி. அது இன்னும் உள்ளதான் இருக்கு."

வாத்தியார்மார் இப்படித்தான் எதையாவது சொல்லிவைப்பார்கள் என்று கோமதிநாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

அன்றிலிருந்து பஸ் ஏறித் தினமும் வந்தார்.

உலகம்மை அவரை எழுதவே விடவில்லை. உள்ளே போ, வெளியே வா. மறுபடியும் உள்ளே போ, வெளியே வா. அவ்வளவுதான் பாடம்.

"எம்மா, எழுதக் கத்துக்கிட வந்தேன். வாசப்படி தேயுற மாதிரி ஏறி இறங்கவச்சா என்ன அர்த்தம்?"

"வீட்டுக்குள்ள போகத் தெரிஞ்சு வெளிய வரத் தெரியாதவரை என்னன்னு சொல்லுவாங்க?"

"மாப்பிள்ளைன்னு சொல்லுவாங்க."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாடத்தை மாற்றவில்லை.

கடைசியில் அவர் விரலுக்குப் பழகிவிட்டது. ஓரத்தில் இருக்கும் 'எஸ்கேப்' என்கிற தப்பிக்கிற பொத்தானைத் தட்ட வேண்டும், இரட்டைப்புள்ளி வைக்க வேண்டும், ஒரே ஓர் எழுத்துப் போட வேண்டும். கதவு திறக்கும். முதல் தடவை தானாகவே வெளியே வந்தபோது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். எழுதுவதும் அதற்குப் பிறகு பிடிபட்டது. தென்காசி முழுசாகத் தென்காசியாகவே விழுந்தது.

"தேறிட்டீங்க. இன்னைக்கே தம்பிக்கு எழுதலாமே" என்றாள் உலகம்மை.

"இன்னைக்கு முடியாது."

"நாளைக்கு?"

"தெரியல. அவன் எழுதிக்கிட்டு இருக்கான்லா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவர் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து உலகம்மை அதைப் பார்த்ததில்லை.

"எப்படித் தெரியும்?"

"காட்டுதேன். வாங்க."

*

கோமதிநாயகத்துக்குத் தம்பி மேல் உயிர். சொல்லிக்கொள்ள வேறு ஆளும் கிடையாது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணனும் தம்பியும்தான் வீடு.

தம்பி சுடலைமணி கப்பலில் ஃபிட்டர். ஒரு கப்பல் விட்டால் இன்னொரு கப்பல், ஒரு கடல் விட்டால் இன்னொரு கடல். ஊருக்கு வருவது மழை மாதிரி, வந்தால் உண்டு. அவனுக்குப் பேச்சு திக்கும். போனில் இன்னும் மோசம். எதிரில் முகம் தெரியாதபோது அவன் தொண்டை பூட்டிக்கொள்ளும். அதனால் போன் எண்ணே வைத்துக்கொள்வதில்லை.

போகும்போது அண்ணனுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனான். எங்கோ இருக்கும் ஒரு மெஷினில் ஓர் இடம். அதில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், 'அண்ணந்தம்பி'. ஒரே சாவி. ஒரே கோப்பு. கப்பலில் இணையம் நூல் மாதிரித்தான் வரும். படம் வராது, குரல் வராது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தப்பிப் பிழைத்து வரும்.

தம்பி எழுதினான். மீன் பறந்ததை எழுதினான். இஞ்சின் அறைச் சூட்டை எழுதினான். பிலிப்பைன்காரன் வைத்த குழம்பில் தேங்காய் இருந்ததை எழுதினான். வாயால் ஒரு வரி சொல்லத் திண்டாடுகிறவன் விரலால் அருவி மாதிரிக் கொட்டினான்.

அண்ணன் படித்தார். படிக்க மட்டும் தெரியும். ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் அதற்கு ஒரு வரிக் கட்டளை சொல்லிக்கொடுத்திருந்தார். பதில் எழுத வேண்டும் என்று தினம் நினைப்பார். எந்த எடிட்டரில் எழுதலாம் என்று நாலு பேரைக் கேட்பார். நாலு பேர் எட்டு யோசனை சொல்வார்கள். நல்லதாக ஒன்றைப் படித்துக்கொண்டு எழுதுவோம் என்று தள்ளிப்போடுவார். வருஷங்கள் அப்படியே போயின.

போன ஐப்பசியில் தம்பி எழுதியிருந்தான். 'அண்ணே, நீங்க படிக்கீங்கன்னு நம்பித்தான் எழுதுதேன். ஒரு வரி எழுதுங்க. ஒரே ஒரு வரி.'

அதுதான் அவன் எழுதிய கடைசி.

*

கோமதிநாயகம் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினார். திரை நிறைய ஆங்கிலம் வந்து நின்றது. நடுவில் ஒரு வரியை விரலால் தொட்டார்.

"இதைப் படிங்க."

உலகம்மை தமிழில் படித்தாள். "இதே கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கக் கூடும்."

"பேரு?"

"அண்ணந்தம்பின்னு போட்டிருக்கு."

"பாத்தீங்களா! கம்ப்யூட்டர் கடைக்காரரும் இதையேதான் படிச்சுச் சொன்னாரு. இதைப் பாத்தா உள்ள போகாதீங்க, க்யூ எழுத்தை அமுக்கி வந்துருங்கன்னாரு. நானும் அப்படியே வந்துருவேன். காலையில எந்திரிச்சதும் இதைத்தான் பாக்குறது. பாத்துட்டுத்தான் காப்பி."

அந்த வரியைப் பார்த்தால் அவருக்குப் பக்கத்து அறையில் தம்பி இருமுவது கேட்ட மாதிரி இருக்கும். இருக்கிறான், நன்றாக இருக்கிறான், எழுதிக்கொண்டு இருக்கிறான். அது போதும் என்று கடைக்குப் போய்விடுவார். போதும் என்று சொல்லிக்கொள்வாரே தவிர, போதவில்லை. மதியம் சோறு இறங்காது.

"எப்போலேருந்து எழுதுதாரு?"

"அந்த ஐப்பசியிலேருந்துதான்."

"இப்போ ஆடி. இவ்வளவு காலமாவா ஒருத்தர் எழுதுவாரு?"

"உங்களுக்கு எங்க சுடலையைத் தெரியாது, டீச்சரம்மா." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் சோறுன்னு சொல்லுததுக்குள்ள சோறு ஆறிப்போவும். ஆனா எங்க வீட்டுல அவன் பேச்சை யாரும் முடிச்சுவைக்க மாட்டோம். தட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். அவனாச் சொல்லி முடிக்கணும். ஒரு தடவை எங்க சித்தப்பா அவசரப்பட்டு அவன் சொல்ல வந்ததை அவரே சொல்லிட்டாரு. அன்னைக்குப் பாத்தேன் அவன் மொகத்தை. அடிச்சா மாதிரி ஆயிட்டு."

"மத்தவங்க பேசும்போது அவரு எப்படி?"

"அவனா? எதிராளி பேசினா, முடிக்கட்டும்னு தலையைக் குனிஞ்சு நிப்பான். நின்னுக்கிட்டே இருப்பான். நடுவுல மூச்சுகூட விடமாட்டான். திக்குதவனுக்குத்தான தெரியும் அந்த அருமை."

உலகம்மை எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இதுவரைக்கும் எழுதினதை மெஷின் எடுத்து வச்சிருக்கும். ஆர் எழுத்தை அமுக்கினாக் காட்டும். பாக்கீங்களா?"

அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அவன் முடிக்கலையே."

"முடிக்கல."

"முடிக்காததைப் படிச்சா வாயிலேருந்து புடுங்கின மாதிரிலா?"

"உங்க இஷ்டம்."

அவள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள்.

கோமதிநாயகம் தனியாக உட்கார்ந்திருந்தார். படிக்கக் கூடாது. அது மரியாதை இல்லை. வேண்டாம். ஆனால் ஒரு வார்த்தை? 'அண்ணே' என்று ஆரம்பித்திருப்பான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன? இத்தனை மாதம் வெறும் கதவுக்கு வெளியே நின்றாயிற்று. குரல் கேட்கிற தூரத்தில் இருக்கிறவனை ஒரு தடவை எட்டிப் பார்க்கவும் கூடாதா? அவருக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவ்வளவுதான். நெஞ்சு அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆர் எழுத்தை அமுக்கினார்.

பக்கம் திறந்தது.

கீழே தம்பியின் பழைய வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. மேலே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

'ம்பி எக்ஸிட் க்விட் போதும் வெளிய விடு முருகா.'

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். சுடலை எதற்கு முருகனைக் கூப்பிடுகிறான்? எதிலிருந்து வெளியே விடச் சொல்கிறான்? கப்பலில் ஏதும் ஆபத்தா?

"டீச்சரம்மா!"

உலகம்மை வந்தாள். படித்தாள்.

"இது யாரு எழுத்து, அண்ணாச்சி?"

"தம்பி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

ஐப்பசி மாதம். ஒரு வரி எழுதுங்க என்று தம்பி கேட்டதைப் படித்த அன்றே, எது ஆனாலும் ஆகட்டும் என்று விம்மைத் திறந்தார். 'தம்பி' என்று அடித்தார். தலையைத் தின்றுவிட்டு வாலை மட்டும் காட்டியது. பதறி வெளியே வரப் பார்த்தார். கதவே இல்லை. என்னென்னவோ அடித்தார். கடைசியில் திரையின் தலையைப் பிடித்து மூடினார். மறுநாள் திறந்தபோதுதான் முதன்முதலாக அந்த வரி வந்தது, வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று. தம்பி வந்துவிட்டான் என்று அன்றைக்குக் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

"என் எழுத்து" என்றார்.

"வெளிய வராம மூடிட்டீங்க. நீங்க இன்னும் எழுதிக்கிட்டு இருக்கீங்கன்னுதான் மெஷின் நெனச்சுக்கிட்டு இருக்கு" என்று உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நாளும் நான் கும்பிட்டது என்னையத்தானா?"

அவர் அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், நன்றாகவே அழுதார். பக்கத்து மேஜைக்காரர்கள் திரையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார்கள்.

"அப்போ அவன் எழுதவே இல்லையா? என்னைய விட்டுட்டானா?"

"அது எனக்குத் தெரியாது."

"யாருக்குத்தான் தெரியும்?"

"ஒண்ணு கேக்கேன். கப்பல்ல உக்காந்துக்கிட்டு அவரு இந்தக் கோப்பைத் திறந்தா என்ன வரும்?"

கோமதிநாயகம் துண்டை இறக்கினார்.

"எனக்கு வந்ததுதான் வரும்."

"என்ன வந்துது உங்களுக்கு?"

"வேறொருத்தர் எழுதிக்கிட்டு..."

அவர் முடிக்கவில்லை. உலகம்மையும் முடித்துவைக்கவில்லை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பார்த்தது திரையை இல்லை.

"அழிங்க இதை" என்றார் திடீரென்று. "சீக்கிரம்."

"நீங்கதான் அழிக்கணும்."

மெஷின் எடுத்து வைத்திருந்த அரைகுறை எழுத்தை அழிக்கிற கட்டளையை அவள் சொன்னாள், அவர் அடித்தார். காலைதோறும் அவருக்குக் காப்பிக்கு முன்னால் கிடைத்துக்கொண்டிருந்த அந்த 'வேறொருவர்' வரி போயே போய்விட்டது. கோப்பு ஒரு தடையும் இல்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

உலகம்மை பழக்கத்தில் விம்மைத் திறக்கப் போனாள்.

"அது வேண்டாம், டீச்சரம்மா. லேசானது எதுவோ அதைக் குடுங்க."

நானோவில் திறந்து கொடுத்தாள். அவர் தம்பியின் கடைசி வரிக்குக் கீழே போனார். யோசிக்கவே இல்லை.

'சுடலை, அண்ணன் முடிச்சிட்டேன். நீ சொல்லு.'

சேமித்தார். வெளியே வரும் பொத்தானில் விரலை வைத்தார்.

"இவ்வளவு காலம் கழிச்சு எழுதுதீங்க, அண்ணாச்சி" என்றாள் உலகம்மை. "மனசுல எவ்வளவோ இருக்கும். இன்னும் நாலு வரி எழுதுங்களேன்."

அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டிருந்தார்.

"அவன் தலையைக் குனிஞ்சு நின்னுக்கிட்டு இருக்கான்மா."